ஒரு மூட்டை தூண்டில் முள்ளை நிமிர்த்திய கதை

கடல் இல்லாத ஊர்க்காரனுக்குக் கடலைப் பற்றி எந்தச் சந்தேகமும் வராது. சந்தேகம் வருவதற்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே! எங்கள் திண்டுக்கல்லில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் பார்க்க வேண்டும் என்றால் ஆத்தூர் அணைக்குத்தான் போக வேண்டும், அதுவும் மழை மனசு வைத்த வருஷத்தில். மீன் என்பது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் ஒரு பொருள். அதை எப்படிப் பிடித்தார்கள், அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் பிடிபட்டது என்று நாங்கள் யாரும் விசாரித்ததில்லை. (மீன்காரரிடம் நாங்கள் கேட்கும் ஒரே கேள்வி, "இன்னைக்கு வந்ததா?" என்பதுதான். அவர் சொல்லும் ஒரே பதிலும் உங்களுக்குத் தெரியும்.)

இந்த அறிவை மூலதனமாக வைத்துக்கொண்டுதான் ஆழ்கடலில் ஆமைகளைக் காப்பாற்றும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஆமைகளுக்குப் போதாத காலம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பழனி ரோட்டில் என் மாமாவுக்கு ஓர் இரும்புப் பட்டறை இருக்கிறது. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவருடைய ஒரே மகள் பூங்கொடியைத்தான் நான் கட்டியிருக்கிறேன். ஆகத் தாய்மாமனும் அவரே, மாமனாரும் அவரே, சம்பளம் தரும் முதலாளியும் அவரே, நான் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவரே. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாமாதான். வெளிப்படையாகச் சொன்னால், நான் வீட்டோட மாப்பிள்ளை.

வீட்டோட மாப்பிள்ளைக்குச் சோற்றில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அத்தை கரண்டியோடு வந்து, "மாப்ள, வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்கும்போதெல்லாம், அதை வாங்கிச் சாப்பிடுகிற அளவுக்கு இன்றைக்கு என்ன கிழித்தோம் என்று மனசு கேட்கும். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் நான். பட்டறையில் அதுவரை என் தலையாய பணி, டீ வாங்கி வருவது. கூடவே, வேலை செய்பவர்களின் பின்னால் நின்று "ம்ம்" என்று சொல்வது.

எங்கள் பட்டறையில் பூட்டுக்கு நாதாங்கி செய்வோம், கேட்டுக்குக் கீல் செய்வோம். ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது கறிக்கடைக் கொக்கிதான். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் கறிக்கடைக்குப் பஞ்சமா? உரித்த ஆட்டைத் தொங்கவிடும் கொக்கி என்றால் எங்கள் பட்டறைக் கொக்கி என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்புதான் வினையை வீட்டுக்கு அழைத்து வந்தது.

கடலோரத்தில் மீனவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் ஓர் அமைப்பிலிருந்து நளினி என்ற மேடம் மாமாவுக்கு போன் செய்தார். சோதனைக்காக ஒரு புது மாதிரித் தூண்டில் முள் செய்து தர நல்ல பட்டறை ஒன்றைத் தேடுவதாகவும், கொக்கி செய்வதில் எங்களுக்குக் கைராசி உண்டென்று யாரோ சொன்னதாகவும் சொன்னார். மாதிரிக்கு ஒரு முள்ளை பார்சலில் அனுப்புவதாகவும், அதே போல இம்மி பிசகாமல் ஒரு மூட்டை செய்து வைத்தால் படகுக்காரர் ஒருவரோடு நேரில் வந்து பார்த்து, பிடித்திருந்தால் தொடர்ந்து ஆர்டர் தருவதாகவும் சொன்னார்.

மாமா அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே மாப்ள, இதை நீயே முன்ன நின்னு பாரு. நல்லபடியா முடிச்சிட்டேன்னா, பட்டறை இனிமே உன் பொறுப்பு. நான் ஒதுங்கிக்கிறேன்."

"முடிச்சிருவோம் மாமா."

"சொதப்புனேன்னு வையி, திருப்பூர்ல எனக்குத் தெரிஞ்ச கம்பெனி ஒண்ணு இருக்கு. போயிச் சேந்துரு. மாசம் ஒருக்க வந்து பொண்டாட்டிய பாத்துட்டுப் போ."

கல்யாணப் பலகாரமே வீட்டில் இன்னும் தீரவில்லை. அதற்குள் மாதம் ஒரு தடவை என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முள்ளுக்காக உயிரைக் கொடுப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

பார்சல் வந்தது. ஆசையாகப் பிரித்தேன். பிரித்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

முள் கோணலாக இருந்தது. கொஞ்சநஞ்சக் கோணல் இல்லை. குத்த வேண்டிய முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக, உள்பக்கமாகத் திரும்பித் தன் காம்பையே பார்த்துக்கொண்டு நின்றது. வட்டமாகச் சுருண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த முள் எதையாவது குத்தும் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. பார்சல்காரன் மேலே ஏதோ பாரத்தை ஏற்றி நசுக்கிவிட்டான் என்று முதலில் நினைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தபோது நசுங்கின அடையாளம் எதுவும் இல்லை. அப்படியானால் இதைச் செய்தவனுக்கே வேலை தெரியவில்லை! இதை நம்பியா பாவம் மீனவர்கள் கடலுக்குப் போகிறார்கள்?

அந்த நேரம் பார்த்துக் கறிக்கடை காதர் பாய் கொக்கி வாங்க வந்தார். அவரிடம் காட்டினேன். கொக்கி விஷயத்தில் ஊரில் அவரைவிடப் பெரிய ஆள் கிடையாது.

"என்னா தம்பி இது, முனை உள்ளாரப் பாக்குது? இதுல எப்படிக் கறி குத்தும்?" என்றார் பாய். "கெணத்துல வாளி விழுந்தா எடுக்குற பாதாளக் கரண்டிய பாத்திருக்கேல்ல? அம்புட்டுக் கொக்கியும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். அப்பத்தான் மாட்டும்."

பாதாளக் கரண்டியே சாட்சி சொன்ன பிறகு வேறு என்ன வேண்டும்? முதல் கோணல் முற்றும் கோணல் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். முதலிலேயே நிமிர்த்திவிடுவது என்று தீர்மானித்தேன்.

பூங்கொடி மட்டும் அந்த முள்ளைக் கையில் வாங்கிச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மச்சான், அந்த மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?"

"கேட்டா, நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிருவாங்க."

"நமக்கு ஒண்ணும் தெரியாதுதான?"

(கல்யாணமான புதிதில் மனைவி சொல்வதைக் கேட்டால் ஊர் சிரிக்கும் என்று ஒரு கருத்து எனக்கு இருந்தது. கேட்காவிட்டால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்பதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

நடுவில் மேடம் எனக்கு ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். முகப்பில் ஓர் ஆமையின் படம். காலை வணக்கம், நிதானமே பிரதானம் வகையறாவாக்கும் என்று நினைத்து அழித்துவிட்டேன். பிறகு மளமளவென்று வேலையில் இறங்கினேன். புது அச்சு போட்டேன். முனையை உள்பக்கத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, நேராக நிமிர்த்தி, ஊசி போலத் தீட்டினேன். முனைக்குப் பின்னால் குத்தினது கழன்றுவிடாமல் இருக்க ஒரு சின்ன எதிர்முள் இருக்கும். அதையும் ஒரு சுற்று எடுப்பாக வைத்தேன். மேடத்திடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நேரில் பார்த்து அசந்துபோகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் வருகிற நாளை மாமா ஒரு விசேஷமாகவே மாற்றிவிட்டார். பட்டறை வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள், காதர் பாய், ரெட்டியார்சத்திரத்திலிருந்து என் அம்மா உட்பட சொந்தபந்தம் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குப் பிரியாணி சொல்லியாயிற்று. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது உருப்படியின் முதல் சரக்கை மூட்டையாகக் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டால், வாங்க வந்தவர் முன்னால் சூடம் காட்டிய பிறகுதான் வாயைப் பிரிக்க வேண்டும். மாமாவும் வேலையில் தலையிடாமல் என்னிடமே விட்டிருந்தார். ஆகவே மூட்டைக்குள் இருந்தது எனக்கும், வேலை செய்த இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். எடுத்துக் காட்ட வசதியாக இருக்கட்டும் என்று மேலாக இருந்த சில முட்களில் நைலான் கயிறு வேறு கட்டி வைத்திருந்தேன்.

நளினி மேடம் வந்தார். கூடவே குமரிக் கடற்கரையிலிருந்து சூசை அண்ணன். ஆழ்கடலுக்குப் போகும் படகை ஓட்டுபவர். காரை விட்டு இறங்கியதும் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "வந்த வழி முச்சூடும் ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே! எப்பிடித்தான் இருக்கிய?" என்று எங்களுக்காக வருத்தப்பட்டார்.

மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால், இந்த முள் எதற்கென்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன் என்று மேடம் எழுந்தார். நான் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"சூரை மீன் பிடிக்க ஆயிரங்கால் தூண்டில்னு ஒண்ணு போடுவாங்க. கடல்ல மைல் கணக்கா ஒரே கயிறு போகும். அதுல வரிசையா கிளைக் கயிறு தொங்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு முள்ளு, முள்ளுல இரை. சூரைக்குத்தான் இரை வைக்கிறோம். ஆனா இது சூரைக்கு மட்டும்னு கடல்ல போர்டு எழுதி வைக்க முடியாதே? ஆமை வந்து கடிக்கும், சுறா கடிக்கும், மேல பறக்குற பறவைகூட இரையைப் பாத்துப் பாஞ்சு மாட்டிக்கும். யாருக்கும் வேண்டாத உயிரெல்லாம் சேந்து வரும்."

சூசை அண்ணன் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஆமை மீனு இல்ல, கேட்டியளா. அதுக்கு நம்மள மாதிரி மூச்சு விடணும், மேல வரணும். பழைய முள்ள முழுங்கிச்சின்னா நேரே தொண்டைக்குள்ள போயிக் குத்தும். கயிறு மேல விடாது. தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துப்போவும். சிலது உசுரோட வரும். வாயத் தொறந்து பாப்போம். முள்ளு உள்ள, எட்டாத எடத்துல நிக்கும். நம்மளப் பாக்கும். நமக்கு ஒண்ணும் செய்ய ஏலாது."

காதர் பாய் உச்சுக்கொட்டினார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்ற தைரியத்தில் இருந்தேன்.

மேடம் தன் பையிலிருந்து கயிறு கட்டிய முள் ஒன்றை எடுத்தார். எனக்குப் பார்சலில் வந்த அதே கோணல் முள்.

"அதுக்குத்தான் இந்த வட்ட முள். இதோட முனை உள்பக்கமா வளைஞ்சிருக்கு பாருங்க. இதுதான் இதுல இருக்குற மொத்த விஷயமும். ஆமை முழுங்கினாக்கூட தொண்டையில குத்தாது, வழுக்கிட்டு வெளிய வரும். வர்ற வழியில கடைவாய் ஓரத்துலதான் மாட்டும். அங்க மாட்டினா நாம கழட்டி விட்டுரலாம், பிழைச்சுக்கும். சூரையும் அதே மாதிரி வாய் ஓரத்துல மாட்டும், தப்பாது. இந்த முனை மட்டும் வெளிய திரும்பிச்சுன்னா அவ்வளவுதான், பழைய கொலைகார முள்ளேதான்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என் காதில் எதுவும் விழவில்லை. போட்டிருந்த கால் தானாக இறங்கியது. சந்தனப் பொட்டும் எலுமிச்சம்பழமுமாக என் எதிரில் உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தேன். அதற்குள் இருந்தது முழுக்கக் கொலைகார முள். தீட்டியது நான். எதிர்முள்ளை எடுப்பாக வைத்ததும் நான். கதவோரம் நின்ற பூங்கொடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவள் என் முகத்திலேயே படித்துவிட்டாள்.

மேடம் நிறுத்தவில்லை. "சும்மா சொல்லல, பாருங்க" என்று வட்ட முள்ளைத் தன் உள்ளங்கையில் வைத்துக் கையை மூடிக்கொண்டார். கயிற்றை சூசை அண்ணன் பிடித்து இழுத்தார். மூடிய கைக்குள்ளிருந்து முள் நழுவி வெளியே வந்து தொங்கியது. மேடம் கையை விரித்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை! பந்தலே கைதட்டியது.

கைதட்டல் கேட்டால் எங்கள் மாமாவுக்குச் சும்மா இருக்க முடியாது. எழுந்தார். அவசர அவசரமாகச் சூடத்தை ஏற்றி மூட்டைக்குக் காட்டினார். கட்டைப் பிரித்தார். உள்ளே பார்க்காமலே கையை விட்டு, கயிறு கட்டிய முள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"மேடம், இது எங்க மாப்ள செஞ்சது. அவரு இன்ஜினியரு. இதையும் பாருங்க," என்று கயிற்றின் நுனியை சூசை அண்ணனிடம் கொடுத்து, "இழுங்கண்ணே!" என்றார்.

"மாமா, வேணாம்!" என்று நான் பாய்ந்தேன். நாற்காலி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மாமாவின் கையைப் பிடித்து, குனிந்து, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க முயன்றேன். அவர் இன்னும் இறுக்கினார். "ஏலே, தள்ளு, மானத்த வாங்காத!" கடைசியில் எப்படியோ கையை விரித்துவிட்டேன். அந்த நொடியில் சூசை அண்ணன் இழுத்தார்.

மாமாவின் கை தப்பித்தது. முள் துள்ளிப் பறந்தது. குனிந்திருந்த என் தலை அது போகும் வழியில் இருந்தது. அடுத்த நொடி என் வலது காது மடலில் சுரீர் என்றது.

கயிற்றில் கனம் தெரிந்ததும் சூசை அண்ணனுக்கு இத்தனை வருஷப் பழக்கம் கையில் வந்துவிட்டது. அவர் பாட்டுக்குக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். நானும் அலறிக்கொண்டே அந்தக் காதின் பின்னால் பக்கவாட்டில் ஓடினேன். என் அம்மா, "ஐயோ எம்புள்ள!" என்று வீறிட்டாள்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்த சூசை அண்ணன், "அட சவமே! மேடம், ஆளு மாட்டியாச்சு!" என்றார்.

"யாரும் இழுக்காதீங்க! கயித்தைத் தளர விடுங்க!" என்று மேடம் ஓடி வந்தார். நிஜமாகவே பதறித்தான் ஓடி வந்தார். ஆனால் என் பக்கத்தில் வந்து காதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் கவனித்தேன். ஊர் ஊராக ரப்பர் ஆமைப் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தவருக்கு, உயிரோடு ஒன்று கிடைத்திருக்கிறது.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார். ஆமைக்குச் செய்யுற மாதிரியே செஞ்சா சுலபமா எடுத்துரலாம். எல்லாரும் பாத்துக்குங்க, இதுதான் முறை. முதல்ல அசையாம வைக்கணும். டயர் இருக்கா?"

"டயர் எதுக்கு மேடம்?" என்றேன் நான்.

"படகுல ஆமையை டயர் மேலதான் வைப்போம். துள்ளாது, அடிபடாது."

பட்டறை வாசலில் பழைய லாரி டயர் ஒன்று கிடந்தது. நாலு பேர் உருட்டி வந்து போட்டார்கள். நான் வலியில் அதன் மேல் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தத்தளித்தபோது, மாமா தானே போய் டயரில் உட்கார்ந்து, "வா மாப்ள, மடியில உக்காரு, நான் புடிச்சுக்கிறேன்" என்றார். உட்கார்ந்தேன். சொந்தக்காரர்கள் பக்கமிருந்து முதல் சிரிப்பு அப்போதுதான் கிளம்பியது. தாய்மாமன் மடி, காதில் கம்பி, சுற்றிலும் உறவுக் கூட்டம்! சின்ன வயதில் இதே மாமா மடியில் உட்காரவைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். அன்றைக்கு வாயில் மிட்டாயாவது வைத்தார்கள்.

"இனி கண்ண மூடணும்," என்றார் சூசை அண்ணன். "ஈரத் துணி போட்டா அது அடங்கிரும்."

அது! அந்த நிமிஷத்திலிருந்து நான் அஃறிணையாகிவிட்டேன். ஈரச் சாக்கு ஒன்று என் தலைமேல் வந்து விழுந்தது. காது மட்டும் வெளியே. "மூக்க மறைக்காதிய, அதுக்கு மூச்சு முட்டும்," என்ற குரல் கேட்டது.

"அண்ணே, நான் சும்மாவே அசையாம இருப்பேன்ணே."

"பேசாம இரும். ஆமை பேசாது."

யாரோ செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. மேடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "முள்ளைப் பிடிச்சுப் பின்னால இழுக்கக் கூடாது, எதிர்முள் சதையைக் கிழிச்சிரும். மறுபக்கம் வெளிய வந்திருக்குற முனையைக் கட்டர் வச்சு வெட்டிட்டு..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அண்ணே, இதைப் பாருங்க. இது வட்ட முள் இல்லையே?"

சாக்குக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூட்டையிலிருந்து முட்களை அள்ளிச் சிமெண்டுத் தரையில் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. என்னைப் பிடித்திருந்த மாமாவின் கைகள் கல்லாக இறுகின.

"மாப்ள," என்றார் மாமா, என் தலைக்குப் பின்னாலிருந்து, மிக மெதுவாக. "என்னத்தலே பண்ணித் தொலைச்ச?"

"கோணலா இருந்துச்சு மாமா," என்றேன் சாக்குக்குள்ளிருந்து. "நிமித்திட்டேன்."

மாமாவின் மடியில், ஈரச் சாக்கின் அடியில், காதில் நானே தீட்டிய முள்ளோடு உட்கார்ந்து உண்மையைச் சொன்னவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்போது பூமி பிளந்திருந்தால் டயரோடு உள்ளே போயிருப்பேன்.

சூசை அண்ணன் எங்கள் பட்டறைக் கட்டரை வாங்கி, முனையையும் எதிர்முள்ளையும் ஒரே வெட்டில் துண்டித்து, மிச்சத்தை உருவி எடுத்தார். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை. சாக்கை விலக்கி, என் முதுகில் தட்டி, "இனி இத மெதுவா விட்டுரலாம்," என்றார். எழுந்து பார்த்தேன். தரையெல்லாம் என் முட்கள். அவற்றின் நடுவில் மேடம் நின்றிருந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அதிர்ச்சி.

"எதை ஒழிக்கணும்னு நாங்க கடலோரம் பூரா அலையிறோமோ, அதை ஒரு மூட்டை செஞ்சு, பொட்டு வச்சு, பூஜை பண்ணிக் குடுக்கிறீங்களே சார்."

அதுவரை என் மானம், என் திருப்பூர் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். சூசை அண்ணன் சொன்ன ஆமை அப்போதுதான் நிஜமாக என் கண்முன் வந்தது. எனக்கு மாட்டியது காது மடலில். என்னைச் சுற்றி முப்பது பேர், ஒரு கட்டர், ஒரு மாமா. அதற்கே அவ்வளவு அலறினேன். நடுக்கடலில், தண்ணீருக்கு அடியில், தொண்டைக்குள் மாட்டினால்? வெட்கமும் பயமும் சேர்ந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. காது வலியால் அழுகிறேன் என்று அம்மா வேறு மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

மேடம் பையை எடுத்துவிட்டார். மாமா தலையைக் குனிந்தபடி டயரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பூங்கொடிதான் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"மேடம், இன்னொருக்க வாய்ப்புக் குடுங்க. இம்புட்டையும் உருக்கிட்டுப் புதுசா செஞ்சு தாரோம்."

"எதை நம்பிம்மா குடுக்கிறது?"

"முனை ஏன் உள்ள பாக்குதுன்னு வேற எந்தப் பட்டறையில தெரியும்? எங்களுக்கு இனிமே செத்தாலும் மறக்காது மேடம்."

மேடம் என் காதைப் பார்த்தார். சூசை அண்ணனைப் பார்த்தார். "அது நெசந்தான். குத்துப்பட்டவன் பின்ன மறப்பானா?" என்றார் அவர். "கொடுத்துப் பாக்கலாம் மேடம். பிரியாணியும் வந்தாச்சு."

அன்றைய பிரியாணியை நான் ஊசி போட்டுக்கொண்டு வந்து, இடது பக்கமாக மென்று சாப்பிட்டேன். அத்தை வந்து இன்னும் வைக்கவா என்று கேட்கவில்லை.

ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது. சொன்ன சொல் தவறாதவர் மாமா. பட்டறைப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார், பூங்கொடியிடம். நான் திருப்பூருக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக பூங்கொடி எனக்கு ஒரு நிரந்தர உத்தியோகம் போட்டுக் கொடுத்தாள். கட்டி அனுப்புகிற ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் அவளே ஒரு முள்ளைப் பொறுக்கி எடுப்பாள். நான் அதை உள்ளங்கையில் வைத்து மூட வேண்டும். அவள் கயிற்றை இழுப்பாள். கீறல் இல்லாமல் வந்தால்தான் லாரி கிளம்பும். இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் என் வலது காது தானாகத் துடிக்கும்.

அந்த செல்போன் வீடியோவை மேடம், மீனவர்களுக்குப் போட்டுக் காட்ட, என்னிடம் அனுமதி கேட்டுத்தான் வாங்கினார். முகம் சாக்குக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது என்று சம்மதித்தேன். போன வருஷம் மூட்டை இறக்க குமரிப் பக்கம் ஒரு துறைமுகத்துக்குப் போனபோது, முன்பின் பார்த்திராத பையன் ஒருவன் என் காதில் இருந்த தழும்பை உற்றுப் பார்த்துவிட்டு, "எண்ணே, இங்க வாங்க, டயர்ல இருந்த ஆளு!" என்று கத்தினான். படகு படகாக எட்டிப் பார்த்தார்கள். சொந்தக்காரர்கள் வேறு மாதிரி. இரண்டாவது காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை, கெடா வெட்டவில்லை என்று வராதவர்கள் எல்லாம் இன்னமும் குறைப்படுகிறார்கள்.

மாமாதான் எல்லோரையும் மிஞ்சியவர். கல்யாண வீடுகளில் யாராவது புதிய ஆள், "இவரு யாரு, மாப்பிள்ளையா?" என்று என்னைக் காட்டிக் கேட்டுவிட்டால் போதும், தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"ஆமாப்பா. நான் டாக்டர் மாப்பிள்ளைக்குத்தான் தூண்டில் போட்டேன். கூடச் சேந்து இது மாட்டிக்கிச்சு. முறைப்படி பாத்தா உசுரோட திருப்பி விட்டுரணும். எம்மக விடமாட்டேங்கிறா."

எல்லோரும் சிரிப்பார்கள். டாக்டர் விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும் என்பதால் முதல் தடவை நான் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பூங்கொடியிடம் கேட்டேன், பாதி விளையாட்டாக, பாதி நிஜமாக: "விட்டுருக்கலாம்ல? ஏன் விடல?"

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"விட்டா நீ இன்னொரு படகுல போயி மாட்டுவ மச்சான். அங்க யாரு கட்டர் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா?"